அத்திக்கு ஊற்றிய பால்

துப்புரவு வண்டிலின் கீழ்த்தட்டில், கண்ணாடி துடைக்கும் மருந்துக்கும் கழிவறைக்கு ஊற்றும் நீலத் திரவத்துக்கும் நடுவில், புதுத் துவாய் ஒன்றில் சுற்றி தில்லைநாயகி ஒரு சின்னப் போத்தல் பால் வைத்திருந்தாள். ஹோட்டலின் காலைச் சாப்பாட்டு மேசையில் பாலுக்கு என்ன குறை? குடுவை குடுவையாக மிஞ்சும். அதைக் கொட்டிக் கழுவுவதே அவளுடைய ஆட்கள்தான். ஆனால் கண்டவர்கள் தொட்ட மிச்சத்தைச் சாமிக்கு வார்க்க அவளுக்கு மனம் வராது. வியாழன் பின்னேரம் வேலை முடிந்து போகும்போது துன் ரயில் நிலையத்துக் கடையில் தனியாக வாங்கி, வீட்டில் யாரும் தொடாமல் குளிர்பெட்டியின் மேல்தட்டில் வைத்து, வெள்ளி காலை முழுகிவிட்டு, ஈரத் தலையைக் கம்பளித் தொப்பிக்குள் திணித்துக்கொண்டு எடுத்து வருவாள். அப்படிக் கொண்டுவந்த பால் கழிவறை மருந்துக்குப் பக்கத்தில் பயணம் செய்வது அவளுக்கும் உறுத்தல்தான். அந்த உறுத்தலுக்குத்தான் புதுத் துவாய்.

அந்தச் சுவிஸ் ஹோட்டல் துன் ஏரியைப் பார்த்தபடி நின்றது. அதன் முதுகுப் பக்கம் ஒரு கண்ணாடி வீடு. பழைய முதலாளி ஆமான் இளவயதில் கிழக்கு ஆபிரிக்காவில் பாலம் கட்டப் போனவர். திரும்பி வரும்போது ஒரு காட்டு மரத்தின் கன்றைக் கொண்டுவந்து, அதற்காகவே அந்தக் கண்ணாடி வீட்டைக் கட்டினார் என்று கதை. வெளியே பனி கொட்டும்போது விருந்தாளிகள் உள்ளே மெல்லிய சட்டையோடு உட்கார்ந்து கோப்பி குடிப்பார்கள். நடுவில் அந்த மரம் கூரையை முட்டி, வெட்டப்பட்டு, மறுபடி முட்டி நிற்கும். மஞ்சள் பூசினதுபோல் பட்டை. கிளை நுனியில் இல்லாமல் தண்டிலேயே கொத்துக் கொத்தாய்ப் பச்சைக் காய்கள். ஒரு காயும் பழுத்ததில்லை. தேசிக்காய் அளவுக்கு வந்ததும் பொத்துப் பொத்தென்று விழும், கோப்பிக் கோப்பைக்குள்ளும் விழும். இருபத்தெட்டு வருடமாக அந்தக் காய்களைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டவள் தில்லைநாயகி. அவ்வளவு காலமும் அது அத்தி என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தேவை வரும்போதுதானே கடவுள் கண்ணில் படுகிறார்.

தேவை வந்தது மகளால். பேர்ண் நகரில் இருக்கும் சிவதர்சினிக்கு இரண்டு தடவை வயிற்றில் தங்கியது கலைந்துவிட்டது. மூன்றாவது தங்கி ஐந்தாம் மாதம் நடக்கும்போது, தில்லைநாயகி யூடியூப்பில் ஒரு சாமியார் பேசுவதைக் கேட்டாள். அந்தக் காலத்தில் சீமந்தத்தின்போது பிள்ளைத்தாய்ச்சியின் கழுத்தில் அத்திக்காய்க் கொத்துக் கட்டுவார்களாம், அத்தியில் காய் தங்குவதுபோல் பிள்ளை தங்குமாம். சாமியார் காட்டிய படத்தைப் பார்த்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. தினமும் தான் துடைப்பம் கொண்டு சுற்றி வருகிற மரம்.

"அம்மா, அது ஆபிரிக்க மரம். போர்ட்டிலை எழுதிக் கிடக்கு, நான் சின்னனிலை வாசிச்சிருக்கிறன். எங்கட அத்தி வேறை," என்றாள் சிவதர்சினி தொலைபேசியில்.

"எழுதினவனுக்கு என்ன தெரியும்? தண்டிலை கொத்துக் கொத்தாய்க் காய் கிடக்கு. முறிச்சாப் பால் வருது. வேறை என்ன வேணும்?"

"விசர்க்கதை கதைக்காதேங்கோ அம்மா."

"சாமி என்ன பாஸ்போட் பாத்தே வாறது, பிள்ளை?"

மஞ்சள் கிழங்குத் துண்டு முடிந்த நூலொன்றை, இலை மறைவில், கையெட்டும் கிளையில் கட்டினாள். வெள்ளிதோறும் வேரில் பால். பிள்ளை பிறந்து அழுகிற சத்தம் கேட்கும்வரை அந்த நூல் அவிழக்கூடாது. இதுதான் அவள் வைத்த நேர்த்திக்கடன். கணவன் யோகராஜாவுக்குக்கூட அவள் சொல்லவில்லை. சொன்னால் பகிடி பண்ணியே பலனைக் கெடுத்துவிடுவார்.

அந்த வசந்தத்தில்தான் அப்ரெஹெத் மூன்று மாதப் பரீட்சார்த்த வேலைக்கு வந்தாள். எரித்திரியாக்காரி, முப்பது வயதுக்குச் சற்று மேல், நெற்றியின் நடுவில் சிறுவயதில் குத்திய பச்சைச் சிலுவை. அவர்களை அழைப்பதற்கு எங்கள் ஆட்களின் வாயில் ஒரு சொல் இருக்கிறது. தில்லைநாயகியின் வாயிலும் இருந்தது. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. முப்பது வருடத்துக்கு முன் எங்களை ரயிலில் கண்டால் பையை இழுத்து அணைத்துக்கொண்ட கிழவிகளைப் பற்றி இன்றும் ஆத்திரமாகக் கதைக்கிற எங்கள் ஆட்கள், அப்ரெஹெத்தின் ஆட்களைக் கண்டால் தாங்களும் பையை இழுத்து அணைத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் வேலை என்று வந்தால் அவளைக் குறை சொல்ல இடமில்லை. கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்காது. சொன்னதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. ஹோட்டலில் எல்லோரும் தில்லைநாயகியைப் பேர் சுருக்கித் 'தில்லா' என்பார்கள், இருபது வயதுப் பெட்டைகள்கூட. அப்ரெஹெத் மட்டும் 'அதெய்' என்றாள். அவர்களின் மொழியில் 'என் அம்மா' என்று அர்த்தமாம், மூத்த பெண்களைப் பேர் சொல்லக் கூச்சமாக இருக்குமாம். முதலில் தில்லைநாயகிக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு ஒருநாள் அப்ரெஹெத் லீவில் நின்றபோது, அந்தச் சொல் கேட்காதது என்னவோபோல் இருந்தது. இருவரும் கதைத்தது வேலைக்கார ஜெர்மன், வினைச்சொல் எங்கே விழுந்தாலும் விளங்கிக்கொள்கிற ஜெர்மன். அதைத் தமிழில் எழுதினால் எங்கள் பேச்சைப்போலத்தான் வருகிறது.

மரத்தை முதன்முதலாகக் கண்ட அன்று அப்ரெஹெத் வண்டிலை விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பட்டையில் கன்னத்தை வைத்தாள்.

"ஸக்லா!" என்றாள். "எங்கட மரம் அதெய். என்ரை ஊரிலை பெரிசு, நூறு பேர் கீழை இருக்கலாம். பெரிய ஆக்கள் இதுக்குக் கீழை இருந்துதான் வழக்குத் தீர்க்கிறவை. புனிதமான மரம், ஒருத்தரும் வெட்ட மாட்டினம். பழம் நாங்கள் சின்னனிலை காய வைச்சுச் சாப்பிடுறனாங்கள்."

அத்தியை இவள் தன்னுடையது என்கிறாளே என்று தில்லைநாயகிக்கு ஒரு கடுப்பு வந்தது. ஆனாலும் 'புனிதம்' என்று அவள் சொன்னது மனதுக்குப் பிடித்தது. தான் ஆளை மாற்றிக் கும்பிடவில்லை என்பதற்கு ஒரு சாட்சி கிடைத்த மாதிரி.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒருநாள் அப்ரெஹெத் தன் தொலைபேசியைக் காட்டினாள். கெய்ரோவில் ஒரு குறுகிய அறையில் சின்னப் பெண்ணொன்று பல் விழுந்த வாயோடு சிரித்துக் கை காட்டியது. அப்ரெஹெத்தின் மகள், தங்கையோடு இருக்கிறாள். கடலைக் கடக்கிற வயதில் அவள் இல்லாததால் விட்டுவிட்டு வந்தது. இப்போது கூப்பிட வேண்டுமென்றால் நிரந்தர வேலை வேண்டும், அரசாங்கத்தின் உதவிப் பணத்தில் இருக்கக்கூடாது. இந்த மூன்று மாதம் முடிந்து இப்போதைய முதலாளி, பழையவரின் பேரன் இளைய ஆமான் ஒப்பந்தம் கொடுத்தால் பிள்ளைக்கு விண்ணப்பிக்கலாம். "தங்கச்சியைத்தான் அவள் இப்ப அம்மா எண்டு கூப்பிடுறாள்," என்றாள் அப்ரெஹெத். அதைச் சொல்லும்போது அவள் பாணைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள், வாயில் ஒன்றும் வைக்கவில்லை.

இரண்டு வயதில் யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு வந்த சிவதர்சினி ஏழு வயதில் சூரிச் விமான நிலையத்தில் வந்து இறங்கி, கூட்டிவந்த பெண்ணின் சட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அன்ரி, நான் வீட்டை போகோணும்," என்று பெற்ற தாயைப் பார்த்துச் சொன்னதைத் தில்லைநாயகி யாரிடமும் விரிவாகச் சொன்னதில்லை. அப்ரெஹெத்திடம் சொன்னாள். அந்தப் பிள்ளை வந்து சேர்ந்ததே மரியா என்கிற போர்த்துக்கல்காரியால்தான் என்றும் சொன்னாள். அந்தக் காலத்தில் துப்புரவுக்குப் பொறுப்பாக இருந்த மரியா, பழைய முதலாளியிடம் போய் நின்று, இவளுக்கு நிரந்தர வேலை கொடுக்காவிட்டால் தானும் போகிறேன் என்றாளாம். சொல்லி முடித்தபோது தில்லைநாயகி அழுதுவிட்டாள். அப்ரெஹெத் அவள் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

"நானும் உனக்காகக் கதைப்பன்," என்றாள் தில்லைநாயகி. "இளைய முதலாளி என்ரை சொல்லைத் தட்டமாட்டார்."

அன்று அதை அவள் மனதாரத்தான் சொன்னாள். அதையும் நான் சொல்லிவிட வேண்டும்.

பரீட்சார்த்தம் முடிய ஒரு கிழமை இருக்கையில், ஒரு வியாழக்கிழமை, தில்லைநாயகி கண்ணாடி வீட்டுக்குள் நுழைந்தபோது அப்ரெஹெத் மரத்தடியில் ஒரு நாற்காலியில் ஏறி நின்றாள். கையில் சமையலறைப் பழக்கத்தி. ஒரு காயைப் பிடித்து அதன் வயிற்றில் நீளமாகக் கீறினாள். பால் கசிந்து அவள் விரலால் வழிந்தது. பிறகு பக்கத்துக் காய். அதன் வயிற்றிலும் ஒரு கீறல்.

தில்லைநாயகிக்குத் தன் அடிவயிற்றில் யாரோ கத்தி வைத்ததுபோல் இருந்தது. "அடி பாவி! என்னடி செய்யிறாய்?" என்று தமிழிலேயே கத்தினாள். பிறகுதான் ஜெர்மன் வந்தது. "இறங்கு! நிப்பாட்டு!"

அப்ரெஹெத் பயந்துபோய் இறங்கினாள். பிறகு சிரித்தாள். "பயப்பிடாதேங்கோ அதெய். இது பழுக்கிறதுக்கு. எங்கட ஊரிலை ஒரு சின்னப் பூச்சி இருக்கு, அது உள்ளுக்குப் போனாத்தான் காய் பழுக்கும். இஞ்சை பூச்சி இல்லை. கெய்ரோவிலையும் இல்லை. அங்கை இப்பிடித்தான் கீறிவிடுவினம், காயம் பட்டா இது கெதியாப் பழுக்கும். நாலைஞ்சு நாளிலை பாருங்கோ. கடைசி நாள் ஹெர் ஆமானுக்கு ஒரு தட்டிலை வைச்சுக் குடுக்கப் போறன். உங்கட மகளுக்கும் தாறன்."

மகளுக்கு. கத்தியால் வயிறு கிழித்த காயை, வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற என் மகளுக்கு. தில்லைநாயகி வண்டிலைத் திருப்பிக்கொண்டு போனாள். சக்கரத்தில் ஏதோ சிக்கிக் கிறீச்சிட்டதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

அன்று பின்னேரம் சிவதர்சினி தொலைபேசி எடுத்தாள். கொஞ்சம் இரத்தம் பட்டதாம். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்ததாம், பிள்ளையின் இதயம் நன்றாக அடிக்கிறதாம், படுத்திருக்கச் சொல்லிவிட்டார்களாம். "பயப்பிட ஒண்டுமில்லையாம் அம்மா, சிலபேருக்கு இப்பிடி வாறதாம்." தில்லைநாயகி ஓம் ஓம் என்று கேட்டாள். எத்தனை மணிக்குப் பட்டது என்று மட்டும் திருப்பித் திருப்பிக் கேட்டாள். மத்தியானத்துக்குப் பிறகு என்றாள் மகள். கத்தி பட்டதும் மத்தியானத்துக்குப் பிறகுதான். இதற்குமேல் அவளுக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? அந்த நிமிடத்திலிருந்து கெய்ரோவில் பல் விழுந்த வாயோடு சிரித்த பிள்ளை அவள் நினைவிலிருந்து போய்விட்டது. அப்ரெஹெத் என்கிற பேரும் போய்விட்டது. பழைய அந்தச் சொல்தான் வாய்க்குள் திரும்பி வந்தது. வெள்ளி காலை இரண்டு போத்தல் பால் கொண்டுவந்து ஊற்றினாள். "அவள் அறியாமல் செய்ததுக்கு என்ரை பிள்ளையைத் தண்டிச்சுப் போடாதை," என்று மரத்திடம் கெஞ்சினாள்.

அந்த இரண்டு போத்தல்தான் எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்தது. கொஞ்ச நாளாகவே கண்ணாடி வீட்டில் ஒரு புளித்த வாடை இருந்தது. சின்னச் சின்ன ஈக்கள் சீனிக் கிண்ணத்தைச் சுற்றின. இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. இவற்றையெல்லாம் தில்லைநாயகியும் கண்டாள், கண்டு, பருவம் மாறுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கண்ணாடிக்குள் என்ன பருவம்? சனிக்கிழமை ஒரு விருந்தாளி மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துபோனார். திங்கட்கிழமை இளைய ஆமான் ஒரு தோட்டக்காரரைக் கூட்டிவந்து வேரடியைத் தோண்டச் செய்தார். பிறகு இரண்டு பெண்களையும் கூப்பிட்டார்.

தோட்டக்காரர் முழந்தாளிட்டு, சாம்பல் பூஞ்சணம் பிடித்த மண்ணை ஒரு வாளியில் அள்ளிக்கொண்டிருந்தார். கெட்டுப்போன தயிரின் நாற்றம். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் வேர் முழுக்க அழுகியிருக்கும் என்று அவர் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார். ஆமானின் உள்ளங்கையில் அந்த நூல் இருந்தது. மஞ்சள் துண்டு கறுத்து, நூல் அழுக்கேறி, ஒரு பக்கம் கத்தரிக்கோல் வெட்டின அடையாளத்தோடு. தில்லைநாயகி அந்த வெட்டு நுனியையே பார்த்தாள். அறுத்துவிட்டான். பிள்ளை பிறக்க இன்னும் இரண்டு மாதம் இருக்க, அறுத்துவிட்டான்.

"இந்த மரம் என் தாத்தா கையால் வைத்தது," என்றார் ஆமான். அவர் சத்தம் போடுகிற ஆள் அல்ல. முப்பத்தைந்து வயது, சைக்கிளில் வேலைக்கு வருவார், எல்லோருக்கும் முதலில் வணக்கம் சொல்வார். "வேரில் பால் ஊற்றியிருக்கிறார்கள். கிளையில் இதைக் கட்டியிருக்கிறார்கள். காய்களைக் கத்தியால் வெட்டியிருக்கிறார்கள். யார் என்று தெரிய வேண்டும்."

"காய் வெட்டினது நான்," என்றாள் அப்ரெஹெத் உடனே. "அது பழுக்கும். உங்களுக்குக் காட்ட வெட்டினனான், இண்டைக்கோ நாளைக்கோ பழுத்திடும். பால் நான் இல்லை. நூல் நான் இல்லை."

ஆமானின் பார்வை நூலிலிருந்து அவள் நெற்றிக்குப் போனது. அந்தப் பச்சைச் சிலுவையில் கொஞ்ச நேரம் நின்றது. சிலுவையென்று அவருக்கு அது பட்டதா, இல்லை வேறு ஏதோ காட்டுச் சடங்கின் குறியாகப் பட்டதா, யாருக்குத் தெரியும்.

"அப்படியானால் வேறு யார்?"

அப்ரெஹெத் தில்லைநாயகியைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமைகளில் அவள் ஈரத் தலையோடு மரத்தடியில் நிற்பதை எத்தனை தரம் கண்டிருப்பாள்? கண்டும் ஒரு நாளும் கேட்டதில்லை.

"அதெய், நீங்கள் சொல்லுங்கோ," என்றாள்.

ஒரு வசனம் போதும். நான்தான் ஊற்றினேன், என் மகளுக்காக. ஆமான் முகம் சுளித்திருப்பார், கண்டித்திருப்பார், இருபத்தெட்டு வருடத்தை ஒரு போத்தல் பாலுக்காகத் தூக்கி எறிந்திருக்க மாட்டார். எறிந்திருக்கவும் கூடும். ஆட்களைக் குறைக்கப் போவதாகத் தை மாதத்திலிருந்தே கதை இருந்தது, ஐம்பத்தெட்டு வயதில் யார் வேலை கொடுப்பார்கள்? ஆனால் தில்லைநாயகி அந்த நேரத்தில் வேலையைப் பற்றி நினைக்கவில்லை. கீறுப்பட்ட காய்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெட்டு வாய்கள் காய்ந்து பழுப்பாகியிருந்தன. அவளுக்கு வந்தது பயம் அல்ல, சுத்தமான கோபம்.

"இந்த மரம் தன்ரை ஊரிலை புனிதமானது எண்டு அவதான் எனக்குச் சொன்னவ," என்றாள். "இதுக்குக் கீழை இருந்துதான் எல்லாம் செய்வினமாம். வந்த அண்டைக்கே கட்டிப்பிடிச்சவ."

அப்ரெஹெத் தில்லைநாயகியின் பக்கம் முழுதாகத் திரும்பினாள்.

"தில்லா, மன்னிக்க வேண்டும், கேட்டாக வேண்டும்," என்றார் ஆமான், உண்மையிலேயே சங்கடப்பட்டு. "உங்களிடமும் இப்படி ஏதாவது வழக்கம்..."

"நாங்கள் வருசா வருசம் ஐன்சீடெல்ன் மாதாவிட்டைப் போறனாங்கள். உங்கட அம்மாவுக்கு மெழுகுதிரி கொண்டந்து தந்தனான், ஞாபகமிருக்கும்."

"ஓ, ஆமாம். இன்னும் அம்மாவின் அறையில் இருக்கிறது."

"கத்தியோடை நிண்டதை நான் கண்ணாலை கண்டனான். நிப்பாட்டு எண்டு கத்தினனான்."

சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஐன்சீடெல்ன் கோயிலில் இருக்கும் கறுப்பு மாதாவிடம் எங்கள் சனம் பஸ் பிடித்துப் போவது உண்மை, வீட்டில் சாமித்தட்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் மாதா இருப்பதும் உண்மை. நூல் என்னுடையதல்ல என்று அவள் சொல்லவே இல்லை. அதைப் பிறகு பல தடவை தனக்கு நினைவுபடுத்திக்கொண்டாள். நெற்றியில் சிலுவை குத்தியவள் மரத்துக்குப் பால் வார்த்தவளாக நின்றாள், பால் வார்த்தவள் மாதா கோயிலுக்குப் போகிறவளாக நின்றாள். ஆமான் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பாதி உண்மையை ஒத்துக்கொண்டவள் மீதியையும் ஒத்துக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றார். பொலிஸ், நட்டஈடு என்றெல்லாம் போகப் போவதில்லை, வருத்தமாக இருக்கிறது, ஆனால் நம்பிக்கை இல்லாமல் சேர்ந்து வேலை செய்வது கஷ்டம், ஒப்பந்தம் தர முடியாது என்றார். எல்லாம் மிக மரியாதையாக. இந்த நாட்டில் கதவைச் சாத்தும்போதும் சத்தம் வராமல்தான் சாத்துவார்கள்.

உடுப்பு மாற்றுகிற அறையில் அப்ரெஹெத் வேலைச் சட்டையை நான்காக மடித்து வாங்கில் வைத்தாள். அவள் அழுவாள் என்று தில்லைநாயகி எதிர்பார்த்தாள். அழுதால் ஏதாவது சொல்லலாம், தண்ணீர் எடுத்துக் கொடுக்கலாம். திட்டினாலும் பரவாயில்லை, திருப்பித் திட்டலாம். அப்ரெஹெத் சப்பாத்து நாடாவைக் கட்டினாள். தொலைபேசி அவள் பையில் ஒருதரம் அதிர்ந்தது, எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். கெய்ரோவிலிருந்தாக இருக்கும். இந்நேரம் பள்ளிக்கூடம் விட்டிருக்கும்.

"தில்லா," என்றாள்.

மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவளும் அந்தப் பேரைச் சொன்னாள்.

"வெட்டினது நாளைக்குப் பழுக்கும். நிலத்திலை விழவிடாதை. உன்ரை நூலை அந்த ஆள் கோப்பிச் சக்கைப் பையிலை போட்டவர். அள்ளிக்கொண்டு போகமுதல் எடு."

போய்விட்டாள். அவள் கடைசியாகச் சொன்னது இரக்கமா, சாபமா என்று தில்லைநாயகிக்குப் பிடிபடவில்லை. சமையலறைப் பின்வாசலில், யாரும் இல்லாத நேரம் பார்த்து, முழங்கை வரை அந்தப் பைக்குள் கையை விட்டுத் துழாவினாள். சூடாறாத கோப்பிச் சக்கை, முட்டைக் கோது, யாரோ கடித்து வைத்த பாண். நூல் அடியில் கிடந்தது. குழாய்த் தண்ணீரில் கழுவி ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். மறுபடி கட்டலாமென்றால் மரத்தைச் சுற்றி இப்போது கயிறு போட்டுவிட்டார்கள், தோட்டக்காரர் நாளும் வருகிறார். அறுத்த நூலைக் கட்டினால் நேர்த்தி தொடருமா, விட்டுப்போனதா, அதை யாரிடம் கேட்பது? சாமியாரின் யூடியூப்பில் அதற்குப் பதில் இல்லை. ஆனால் அவள் நெஞ்சைக் குடைந்த கேள்வி வேறு. மரத்தின் முன்னால் நின்றுதானே அந்த நூலை இன்னொருத்தியின் தலையில் கட்டினேன்? மரம் யாருடைய நேர்த்தி என்று எழுதிக்கொண்டிருக்கும்?

செவ்வாய்க்கிழமை காய்கள் பழுத்தன.

கீறாத காய்கள் பச்சையாகவே கிடக்க, கீறுப்பட்டவை மட்டும் இளஞ்சிவப்பாகி, மெத்தென்று ஊதி, வாசம் வீசின. ஆமான் ஒன்றைப் பிட்டுத் தின்று பார்த்தார். இன்னொன்றையும் தின்றார். தாத்தா சாகும்வரை இந்தப் பழத்தின் ருசியைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தார் என்று கண் கலங்கச் சொன்னார். உள்ளே விதையே இல்லை, வெறும் இனிப்பு. "அந்தப் பெண் சொன்னது சரிதான், பாவம்," என்றார். தில்லைநாயகி உதிர்ந்த இலைகளைக் கூட்டத் தொடங்கினாள். "ஆனால் அந்தப் பால் விஷயம்... அதை மட்டும் அவள் மறைக்காமல் இருந்திருக்கலாம்." அதோடு அந்தக் கதை முடிந்தது. பிறகு அவர், காலைச் சாப்பாட்டு மேசையில் எங்கள் சொந்த மரத்துப் பழம் என்று வைக்கலாமே, உங்கள் நாட்டிலும் இதுபோல மரம் இருக்கிறதாமே, உங்களுக்குக் கீறத் தெரியுமா என்று கேட்டார்.

"ஓம்," என்றாள் தில்லைநாயகி.

அன்றிலிருந்து அது அவளுடைய வேலை. வெள்ளிக்கிழமைகளில் என்று ஆமானே நாள் குறித்தார், அன்று கீறினால் அடுத்த கிழமை சனி ஞாயிறில் வருகிற கூட்டத்துக்குப் பழம் கொடுக்கலாம் என்று கணக்கு. முதல் வெள்ளி அவள் இரண்டு தரம் கத்தியை எடுத்துத் திரும்ப வைத்தாள். இரண்டாம் வெள்ளி எடுத்த உடனே கீறினாள். சிவதர்சினியிடம் இதைப் பற்றி மூச்சும் விடவில்லை. எல்லாம் நல்லாயிருக்கு அம்மா என்று மகள் சொல்லும்போதெல்லாம், கண்படப் போகுது, வாயை வைக்காதை பிள்ளை என்று மட்டும் சொன்னாள். அப்ரெஹெத்தை ஒருதரம் ரயில் நிலையத்தில் கண்டாள், படிக்கட்டில் ஏறிப்போகிற முதுகை. தில்லைநாயகி ஒரு விளம்பரப் பலகைக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

மூன்றாம் வெள்ளி வெளியே மழை. கண்ணாடி வீட்டில் விருந்தாளிகள் நிறைந்திருந்தார்கள். கயிற்றுக்கு அப்பால் நாற்காலியில் ஏறி நின்றிருந்த தில்லைநாயகியைச் சுற்றி நாலைந்து பேர் தொலைபேசியில் படம் எடுத்தார்கள், தாய்நாட்டு முறை என்று ஆமான் அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அவள் ஒரு கொத்தில் பெரிய காயைத் தேர்ந்து, இடது கையால் அடியில் தாங்கிப் பிடித்து, மேலிருந்து கீழாக ஒரு கோடு கீறினாள். பால் பொங்கி வந்து விரலிடுக்கால் மணிக்கட்டுக்கு வழிந்தது. அடுத்த காய். அதற்கடுத்தது.

ஏப்ரன் பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது. கத்தியை மற்றக் கைக்கு மாற்றி அதை எடுத்தபோது, அதோடு சுற்றிக்கொண்டு அந்தக் கறுத்த நூலும் வெளியே வந்து தொங்கியது. திரையில் பிருந்தன். சிவதர்சினியின் புருஷன். அவன் ஒருநாளும் மாமியாருக்கு நேரே எடுப்பதில்லை, எதென்றாலும் மகள்தான் எடுப்பாள். பிள்ளைக்கு இன்னும் நாள் இருந்தது.

அவள் விரலால் தள்ளினாள். பிசின்போல ஒட்டிய மரப்பால் திரையில் ஒரு வெள்ளைக் கோடாக இழுபட்டது. அழைப்பு எடுபடவில்லை. மறுபடி தள்ளினாள். ஏப்ரனில் விரலைத் துடைத்துவிட்டுத் தள்ளினாள், துடைக்கத் துடைக்க அது இன்னும் பரவியது. கீழே யாரோ, அசையாமல் நில்லுங்கள், ஒரு படம், என்றார்கள். காய்ந்துகொண்டு வந்த பாலுக்கு அடியில் பிருந்தனின் பேர் அணைந்தது, மறுபடி எரிந்தது, மணிக்கட்டிலிருந்து ஒரு சொட்டு அதன்மேல் விழுந்தது.